பாதைக்கும் ஹக்கு உண்டு



வீதியோரங்களில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர்த்துக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் சொன்னார்கள். கூடிப் பேச எங்களுக்கு அதை விட்டால் வேறு இடம் இல்லையே என்று ஸஹாபாக்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்து விடும்படி பெருமானார் (ஸல்) கூறினார்கள். அந்த ஹக்கு யாது என்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவுதல், தீமையைத் தடுத்தல் என்று எண்ணிச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம் பெற்றிருக்கும் ஹதீஸ் இது.

இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஜும்ஆவில் கேட்டுத் தலையசைத்து விட்டு, வெளியே வந்து அதே தேநீர்க் கடை பெஞ்சில்தான் உட்காருகிறோம். பாதைக்கு ஒரு ஹக்கு இருக்கிறது. அதை நாம் பாக்கி வைத்திருக்கிறோம் என்பது எங்களுக்கு உறைத்தது ஒரு பௌர்ணமி இரவில்தான்.

செங்கம் சாலையில் ஓர் இரவு

திருவண்ணாமலையின் பௌர்ணமியைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோ மீட்டர் பாதையில் விடிய விடிய இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். வேலூர், திண்டிவனம், திருக்கோவிலூர், தண்டராம்பட்டு, செங்கம் என்று எல்லாச் சாலைகளிலும் பஸ்களும் வேன்களும் இரவெல்லாம் ஓடுகின்றன. நடந்து களைத்தவர்கள் சாலையோரத்திலேயே துண்டை விரித்துப் படுத்து விடுகிறார்கள். குழந்தைகள் தாயின் மடியில் உறங்குகின்றன. நம் சகோதரர்களில் பலருக்கு அந்த இரவுதான் மாதத்தின் பெரிய வியாபாரம். வேன் ஓட்டுகிறவர்களும் நம்மில் உண்டு.

அப்படியோர் இரவில் இஷா தொழுது விட்டு நாங்கள் மூவர் செங்கம் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு வேன் நின்றிருந்தது. குழந்தைகளும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், கிரிவலம் முடித்து ஊர் திரும்புகிறவர்கள், ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் வந்தார். சாவியைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கத் தடுமாறினார். கதவைப் பிடித்துக் கொண்டு சற்று நேரம் நின்றார். வண்டியைப் பின்னால் எடுத்தபோது கடையின் காலித் தண்ணீர் டிரம்மை இடித்துத் தள்ளினார். திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

அவர் எங்களுக்குத் தெரிந்தவர். நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். அவருடைய பிள்ளை நம் மதரஸாவில்தான் ஓதுகிறது.

"குடித்திருக்கிறார்" என்றார் எங்களில் ஒருவர். "வாடை ஒன்றும் வரவில்லையே" என்றார் மற்றவர். போலீசுக்குப் போன் செய்யலாமா என்று மூன்றாமவர் கேட்டார். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக் கொண்டே, "நமக்கெதுக்கு பாய்? அவர் தினமும் ஓட்டுறவர்தானே" என்றார். சொல்வதா, வேண்டாமா என்று நாங்கள் பத்து நிமிடம் பேசினோம். மார்க்கத்தை எடுத்துப் போட்டே பேசினோம். பேசி முடிப்பதற்குள் வேன் போய் விட்டது.

அன்றிரவு எதுவும் நடக்கவில்லை. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் விபத்து நடக்காதது அல்லாஹ்வின் கருணை. நாங்கள் செய்த நன்மை அல்ல. அன்றைய பத்து நிமிடத்திற்கு நாளை மஹ்ஷரில் என்ன பதில் சொல்வது என்ற கேள்வி எங்களை விடவில்லை. அன்று எங்களைத் தடுத்த காரணங்கள் நான்கு. அவை உங்களுக்கும் வரும். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் தடை: இது சந்தேகம்தானே?

சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறும், துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும் ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான். நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாமென்றும், செவி, பார்வை, உள்ளம் ஆகிய எல்லாமே விசாரிக்கப்படும் என்றும் ஸூரா பனீ இஸ்ராயீலில் எச்சரிக்கிறான். அப்படியிருக்க, ஒரு மனிதன் தடுமாறினான் என்பதற்காக அவனைக் குடிகாரன் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது, உண்மைதான். சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் வியர்க்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். பக்கவாதம் தாக்கத் தொடங்கும்போதும் அப்படியே. இரண்டு இரவு கண் விழித்தவனும் குடித்தவனைப் போலவே இருப்பான். இவர்களைக் குடிகாரர் என்று கூவினால் அது அபாண்டம்.

ஆனால் நன்றாகக் கவனியுங்கள். நாம் கண்டது என்ன, நாம் ஊகித்தது என்ன என்று பிரித்துப் பார்த்தால் சிக்கல் அவிழ்ந்து விடுகிறது. "குடித்திருக்கிறார்" என்பது ஊகம். "சாவியைத் தவற விட்டார், நிற்க முடியாமல் கதவைப் பிடித்தார், டிரம்மை இடித்தார், உள்ளே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், வண்டி செங்கம் பக்கம் போகிறது" என்பது கண்ணால் கண்ட சாட்சி. ஊகத்தைச் சொல்வதைத்தான் இறைவன் தடுத்தான். கண்ட சாட்சியத்தை மறைக்க வேண்டாமென்றும், மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்றும் அதே இறைவன் ஸூரத்துல் பகராவில் கூறுகிறான். கண்டதை மட்டும் சொன்னால் இரண்டு கட்டளைகளுக்கும் பணிந்தவர்களாகிறோம்.

மற்றொன்று. அவர் குடித்திருந்தாலும், நோயாளியாக இருந்தாலும், தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், அந்த நேரத்தில் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்பதில் மாற்றமில்லை. நோயாளியாயின் அவருக்கு வேண்டியது 108 ஆம்புலன்ஸ். நாம் வாய் திறப்பது அவருக்கே உதவி.

இரண்டாம் தடை: முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டாமா?

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனுடைய குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பது ஸஹீஹான ஹதீஸ். தவறு செய்த மாஇஸ் என்ற ஸஹாபியைத் தம்மிடம் வரத் தூண்டிய ஹஸ்ஸால் (ரலி) அவர்களிடம், நீர் அவரை உம் ஆடையால் மறைத்திருந்தால் உமக்கு நலமாயிருந்திருக்கும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) கூறியதாக அபூதாவூதில் வருகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் வரலாறு ஒன்றும் உண்டு. ஹளரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறிப் பார்த்து, உள்ளே இருந்தவனைத் தவறான நிலையில் கண்டு கண்டித்தார்கள். அவனோ, நான் செய்தது ஒன்று. அமீருல் முஃமினீனே, தாங்கள் செய்தது மூன்று என்றான். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தது என்று மூன்றுக்கும் குர்ஆனிலிருந்தே ஆதாரம் காட்டினான். அவனிடம் தௌபாவுக்கு வாக்குறுதி பெற்றுக் கொண்டு ஹளரத் உமர் (ரலி) திரும்பி விட்டார்கள். நாட்டை ஆண்ட கலீஃபாவே ஒரு குடிமகனின் சுவருக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள்!

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் எதிரே நின்ற வேனுக்குச் சுவர் ஏது? அது நெடுஞ்சாலை. தாடியில் மது சொட்டச் சொட்ட ஒருவன் கொண்டு வரப்பட்டபோது, துருவி ஆராய்வதை விட்டு நாம் தடுக்கப்பட்டிருக்கிறோம்; ஆனால் ஒன்று தானாகவே நமக்கு வெளிப்பட்டால் அதைக் கொண்டு நடவடிக்கை எடுப்போம் என்ற பொருளில் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) விடை கூறினார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது.

ஆகவே அளவுகோல் இதுதான். ஒருவன் தன் வீட்டில் செய்யும் பாவம் அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையிலுள்ளது. அதைத் தேடிப் போவது ஹராம். தற்செயலாகத் தெரிந்தாலும் மூடி, தனிமையில் உபதேசிப்பதே அழகு. ஆனால் அவன் சாவியைக் கையில் எடுத்து விட்டால் விஷயம் மாறி விடுகிறது. அங்கே ஆபத்திலிருப்பது அவனுடைய மானமன்று, மற்றவர்களின் உயிர். மானத்தை மறைக்கச் சொன்ன மார்க்கம், உயிரைப் பலி கொடுத்து மறைக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் தடை: புறமும் கோளும் ஆகாதா?

நம் வாய் திறக்காமலிருக்க நாம் மார்க்கத்தையே துணைக்கழைக்கும் இடம் இது. தேநீர்க் கடையில் ஊரார் கதையெல்லாம் பேசுவோம். அப்போது கீபத் நினைவுக்கு வராது. ஓர் உயிரைக் காக்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் கீபத் பற்றிய பயம் வந்து விடுகிறது!

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களைத் தனிப் பாடமாகவே தந்திருக்கிறார்கள். அநீதிக்குள்ளானவன் முறையிடுவது, தீமையை அகற்ற ஆற்றலுள்ளவரிடம் உதவி கேட்பது, தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். தடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்வது கீபத் அல்ல. மறுநாள் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிப்பதுதான் கீபத். நாங்கள் அன்று முதலாவதைச் செய்யவில்லை. இரண்டாவதைச் செய்யாமலிருக்க எவ்வளவு சிரமப்பட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழைய பகையைத் தீர்த்துக் கொள்ளவோ, தொழில் போட்டியிலோ ஒருவரைப் பற்றிப் பொய்த் தகவல் கொடுப்பது பெரும்பாவம். பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லி வந்த நபிகள் நாயகம் (ஸல்), சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. கையில் போனை எடுக்குமுன் நம் நிய்யத்தைச் சோதித்துக் கொள்ள வேண்டும்.

நான்காம் தடை: நம்மவரை நாமே காட்டிக் கொடுப்பதா?

உண்மையைச் சொன்னால் எங்களை நிறுத்திய காரணம் இதுதான். மற்ற மூன்றும் இதற்குப் போர்த்திய போர்வை. அவர் பிள்ளை நம் மதரஸாவில் ஓதுகிறது. வழக்கு வந்தால் லைசென்ஸ் போகும். மனைவி மக்கள் என்ன செய்வார்கள்? ஜமாஅத்துக்கு அவமானமல்லவா?

தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் பணிக்கிறான். அந்த வேனில் இருந்தவர்கள் மலையை வணங்க வந்தவர்கள். நம் மார்க்கத்தினர் அல்லர். ஆயினும் ஓர் உயிரை வாழ வைப்பவன் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவன் போலாவான் என்று ஸூரத்துல் மாயிதாவில் சொன்ன இறைவன், அது எந்த மதத்தவனின் உயிர் என்று பிரிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு உயிர்களும் ஒரு முஸ்லிமின் கையில் அமானத்தாக இருந்தன. அந்த அமானத் பாழாகாமல் பார்ப்பதுதான் ஜமாஅத்தின் கௌரவம்.

ஜீவனம் போகும் என்ற பயத்தையும் நியாயமாக எடைபோடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கஷ்டம்தான். ஆனால் அதே மனிதர் நாலு பேரைக் கொன்று விட்டால் அவர் குடும்பத்தின் கதி என்ன? அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நம் பெருமானார் (ஸல்) கற்றுத் தந்ததன் பொருள் இங்கே எவ்வளவு தெளிவாகிறது!

கப்பலில் ஓட்டை

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியில் உண்டு. ஒரு கப்பலில் சிலருக்கு மேல் தட்டும், சிலருக்குக் கீழ்த் தட்டும் கிடைத்தன. தண்ணீருக்காக மேலே போய் வருவது மேலுள்ளவர்களுக்குத் தொந்தரவு என்று எண்ணிய கீழ்த் தட்டினர், தங்கள் பகுதியிலேயே துளை போட நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டு விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். துளை போட நினைத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர் என்பதைச் சிந்திக்க வேண்டும். வேன் ஓட்டியவரும் கொலைகாரர் அல்லர். ஆனால் கடல் நீர் எண்ணத்தைப் பார்த்து உள்ளே வருவதில்லை.

செங்கம் சாலையின் குணம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் செங்கம் அருகே பத்து நாள் இடைவெளிக்குள் நடந்த இரண்டு மோதல்களில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவற்றுக்குக் குடி காரணமென்று நாம் சொல்லவில்லை. சிறு பிசகையும் மன்னிக்காத சாலை என்பதற்காகவே சொல்கிறோம்.

சாராயக் கடைகளை மூடினால் போதுமே என்று சிலர் கேட்பார்கள். மூட வேண்டும் என்பதே நம் பிரார்த்தனை. நம் பகுதி அடங்கியிருந்த வட ஆற்காடு ஜில்லாவில் 1939லேயே மதுவிலக்கு வந்தது. அது போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. தமிழகத்திலிருந்து வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அதற்குத் தளர்வுகளும் வந்தன. அரசு செய்வதைச் செய்யட்டும். நம் கண் முன்னே சாவியை எடுப்பவனைத் தடுப்பது நம் பொறுப்பு.

தாமதமும் ஒரு மறைப்பே

உள்ளே போன மது மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 15 மில்லி கிராம் அளவே இரத்தத்தில் குறைகிறது. எலுமிச்சைச் சாறும், மோரும், காப்பியும், தலையில் ஊற்றிய தண்ணீரும் அதை விரைவுபடுத்தா. "ஒரு டீ குடித்தால் சரியாகி விடும்" என்று அனுப்பி வைப்பது அறியாமை.

மறுபுறம், நேரம் போகப் போக உண்மையும் கரைந்து போகிறது. 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி பின்னிரவில், கேரளத்தின் 'சிராஜ்' நாளிதழின் திருவனந்தபுரம் நிருபர் கே. எம். பஷீர் கார் மோதி வபாத்தானார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. இரத்தம் எடுக்கப்பட்டதோ பல மணி நேரம் கழித்து. அதில் ஆல்கஹால் காணப்படவில்லை. அவர் குடித்திருந்தாரா இல்லையா என்பதைச் சொல்லும் உரிமை நமக்கில்லை. உரிய நேரத்தில் சோதித்திருந்தால் குற்றவாளியாயின் குற்றமும், நிரபராதியாயின் அவர் நிரபராதி என்பதும் அன்றே தெளிவாகியிருக்கும். தாமதம் இருவருக்குமே அநீதி.

என்ன செய்ய வேண்டும்?

தீமையைக் கண்டால் கையால் மாற்ற வேண்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். இந்த வரிசையில் நம் கடமையைப் பார்ப்போம்.

கையால் என்றால் அடிதடி அல்ல. தெரிந்தவராயின் தோளில் கை போட்டு, "இறங்குங்கள் தம்பி, சாவியைக் கொடுங்கள், வேறு டிரைவருக்கு ஏற்பாடு செய்வோம்" என்று சொல்லலாம். எங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது, நழுவ விட்டோம். நாவால் என்றால் வண்டியிலிருப்பவர்களிடம் சொல்லலாம். வண்டிச் சொந்தக்காரருக்குச் சொல்லலாம். 185ஆம் பிரிவுக் குற்றத்திற்கு உடந்தையாயிருப்பவருக்கும் அதே தண்டனை என்று 188ஆம் பிரிவு கூறுவதை முதலாளிகள் நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றுக்கு வழியில்லாமல் வண்டி கிளம்பி விட்டால் 100 அல்லது 112க்குப் போன் செய்ய வேண்டும். வண்டி எண், நிறம், போகும் திசை, கண்ணால் கண்டவை ஆகியவற்றைச் சொன்னால் போதும். "குடிகாரன்" என்ற பட்டம் வேண்டாம். சோதிக்கக் கருவி இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது. தீர்ப்பு நம்முடையதல்ல. பின்னால் துரத்திப் போவதும், வழியில் மறித்துக் கூட்டம் கூட்டுவதும் நம் வேலையல்ல. அதனாலும் உயிர் போகும். சொல்லி முடித்தபின் நாவைக் கட்டிக் கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தது

நான்காம் நாள் நாங்கள் இருவர் அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போனோம். டிரம்மை இடித்ததைச் சொன்னோம். அவர் முகம் வெளுத்து விட்டது. தாம் குடிக்கவில்லை என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தார். தொடர்ந்து மூன்று இரவு சவாரி, கண்ணே மூடவில்லை என்றார். நாங்கள் ஏற்றுக் கொண்டோம். சத்தியத்தைப் பிளந்து உள்ளே பார்க்கும் வேலை நமக்கில்லை. எழுந்து புறப்படும்போது அவராகவே சொன்னார்: "செங்கம் தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவை கண்ணு மூடிடுச்சு பாய். நீங்க அங்கேதானே உட்கார்ந்திருந்தீங்க? ஒருத்தராவது வந்து சாவியைப் பிடுங்கியிருக்கலாமே."

எங்களுக்குப் பதில் வரவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக எண்ணி நாங்கள் மௌனமாயிருந்தோம். அவரோ நாங்கள் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்!

ஒருவேளை அவர் குடித்தே இருந்திருந்தாலும் நாங்கள் போயிருக்கத்தான் வேண்டும். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். தண்டனை தண்டனையாக நடந்தது. சகோதரத்துவமும் அறுந்து போகவில்லை. வழக்கில் சிக்கியவரின் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பதும், குடியிலிருந்து மீள அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதும், தௌபாவின் வாசலைக் காட்டுவதும் ஜமாஅத்தின் கடமைகளே. போன் செய்த கைதான் அந்த அரிசிப் பையையும் சுமக்க வேண்டும்.

சகோதரர்களே! பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று படித்திருக்கிறோம். முள்ளையும் கல்லையும் அகற்றுகிறோம். முள்ளை விடப் பெரிய ஆபத்து எதிரே நிற்கும்போது நம் கை எங்கே போகிறது? இன்றிரவும் அந்தப் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் நாமும் இருக்கலாம்.

யா அல்லாஹ்! காணாததைச் சொல்வதை விட்டும், கண்டதை மறைப்பதை விட்டும் எங்கள் நாவுகளைக் காப்பாயாக! பாதையில் செல்வோர் அனைவரையும் பத்திரமாக அவரவர் வீடு சேர்ப்பாயாக! அன்றைய பத்து நிமிட மௌனத்தை எங்களுக்கு மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.